முதல் கூடை மண்

வற்றிய ஏரிக்குள் இறங்கினால் வண்டல் மண்ணின் ஈரவாடை மூக்கைத் துளைக்கும். அதை வண்டி வண்டியாக வாரி வயலுக்கு அடிக்கிற கோடை நாட்களில், செந்துறைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரே சேறும் சிரிப்புமாகக் கிடக்கும். ஆனால் "மொதக்கூடை" விழாமல் ஒருவரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. அதை அள்ளிக் கரையில் கொட்டும் உரிமை, எங்கள் நிலங்களில் கூலிவேலை செய்த காலனிக்காரர்களில் ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான். வருடம் முழுக்கக் கைகட்டி நின்ற மாரிமுத்து அன்று மட்டும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். என் அப்பா உட்பட எல்லோரும் அவருக்காகக் காத்து நிற்பார்கள்.

ஏன் என்று எனக்குச் சொன்னவள் அவர் மகள் அஞ்சலை, ஏழாம் வகுப்பில் என்னோடு படித்தவள். "இந்த ஏரிய வெட்டுனதே எங்க பூட்டன்தான், தெரியுமா?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நம் வீட்டுக்குக் கூலிக்கு வருகிறவர்களுக்கு இவ்வளவு பவிசா என்கிற கொழுப்பு, வேறென்ன! அந்த மாதமே பள்ளியில் "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஏரியை வெட்டியவர் என் பூட்டனார் என்று கூசாமல் எழுதிப் பரிசும் வாங்கி, ஆண்டு விழாவில் மைக்கில் வாசித்தேன்.

அடுத்த வருடம் மதகைப் பழுதுபார்த்தபோது என் வாக்கியத்தையே கல்லில் வெட்டிப் பதித்துவிட்டார்கள். மாரிமுத்து எங்கள் வாசலில் வந்து நின்றார். "பாப்பா தெரியாம எழுதிருச்சுங்க, கொஞ்சம் மாத்தச் சொல்லுங்க."

"அட போப்பா, புள்ள படிச்சுத்தான எழுதியிருக்கு" என்றார் அப்பா.

கதவுக்குப் பின்னால் நின்ற நான், தெரிந்தேதான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பாவி, வாயைத் திறக்கவில்லை. அந்தக் கோடையில் முதல் கூடையை அப்பா அள்ளினார். மாரிமுத்து ஏரிப்பக்கமே வரவில்லை.

இன்று அந்த ஏரி இல்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பெரும்பள்ளம்தான் இருக்கிறது. மதகுக் கல்லை மட்டும் பெயர்த்து வந்து பஸ் நிறுத்தத்தில் நட்டிருக்கிறார்கள். போன மாதம் அங்கே அஞ்சலையைப் பார்த்தேன். என்னைக் காட்டிப் பேத்தியிடம், "இங்க ஏரி வெட்டுனாருன்னு போட்டிருக்குல்ல, அவரு இவங்க பூட்டன்தான்" என்றாள். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, மனசாரத்தான் சொன்னாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல அஞ்சலை, வெட்டுனது உங்க பூட்டன். நான்தான் பொய்யா எழுதிட்டேன்."

அவள் சிரித்தாள்.

"சும்மா இருங்க. எங்கப்பாவும் சாவுற வரைக்கும் இப்புடித்தான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாரு, பாவம். நானும் சின்னப்புள்ளையில அத நம்பிக்கிட்டுத் திரிஞ்சேன். அதான் கல்லுலயே எழுதியிருக்குல்ல?"