தூண்டில் ரீலுக்குக் கனரக கிரீஸ்

"அண்ணா, அந்த ரீலை நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு வாணாம்."

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வி போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்... சந்தோஷம்தான்!

எனக்குப் பழைய தூண்டில் ரீல் பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கைப்பிடியைச் சுற்றினால் நைலான் நரம்பை இழுத்துச் சுருட்டுகிற அந்தச் சின்ன இயந்திரத்தைக் கழற்றுவேன், கழுவுவேன், மறுபடி மாட்டுவேன். மீன் பிடிப்பேனா? அது வேறு விஷயம். "மார்க்கெட்டுக்குப் போய் அரைக்கிலோ வஞ்சிரம் வாங்கிவர உடம்பு வணங்காது, இதில் மட்டும் சுறுசுறுப்பு" என்பது என் மனைவியின் நிரந்தரப் புகார்.

தூண்டில் வழியாக எனக்குப் பழக்கமான செல்வி அப்படி இல்லை. நிஜமாகவே மீன் பிடிப்பவர். அம்பத்தூர் ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். அவரிடம் இருப்பது முழுக்க உலோகத்தில் செய்த, அந்தக் காலத்து ஸ்பின்னிங் ரீல். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன ஓர் அதிகாரி வீட்டில் வாங்கியது. லீவு நாளில் திருமழிசைப் பக்கம் ஏதாவது ஏரிக்குப் போய் அதை வைத்து விரால் இழுப்பார். அந்த ரீல் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

திருமுல்லைவாயிலில் இருந்து ஆவடிக்கு வண்டியை விரட்டினேன் என்று சொல்லவும் வேண்டுமா?

கதவைத் திறந்தவர் செல்வியின் கணவர் சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர். ராணுவ வண்டிகள் தயாராகிற தொழிற்சாலையில் ஃபிட்டர். காதல் கல்யாணம். செல்வி உள்ளே இருந்து வந்தார், வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு.

மழையில் வானகரம் சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி மணிக்கட்டு உடைந்தது எனக்குத் தெரியும். கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்பதும் தெரியும். பிறகென்ன?

"டாக்டர் கை நல்லாகீதுன்றாரு. நல்லா இல்லண்ணா. ரீலையே சுத்த முடியல, மெஷின்ல எப்டி குந்துறது? கம்பெனில வரியா இல்லியான்னு கேட்டுகினே கீறாங்க. நாளைக்குப் போய் வரலைன்னு சொல்லிட்டு வந்துடப் போறேன்."

சொல்லிவிட்டு டீ போட உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் பஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னதையெல்லாம் அவர் நம்பவில்லை. தன் கை தேறிவிட்டதா என்று அவராகவே வைத்துக்கொண்ட பரீட்சை, அந்த ரீல். தினமும் சுற்றிப் பார்த்திருக்கிறார். தினமும் ஃபெயில்.

"ரீல்ல ஏதும் கோளாறு இருக்குமோ?" என்று சுடலைமுத்துவிடம் கேட்டேன்.

"கோளாறா? அவ கை கட்டுல இருக்கும்போது நானே பிரிச்சு சர்வீஸ் பண்ணி வச்சேன் சார். எனக்கு நல்லாத்தானே சுத்துது!"

சுற்றிக் காட்டினார். சுற்றியது. அவருடைய முன்னங்கைக்கு அம்மிக்கல்லே சுற்றும்! நான் வாங்கிச் சுற்றினேன். கைப்பிடி நகர்ந்தது, ஆனால் களிமண்ணுக்குள் நகர்வது போல.

இந்த இடத்தில் என் மனசுக்குள் ஓர் அற்பன் எட்டிப் பார்த்தான். 'பேசாமல் வாங்கிக்கொண்டு கிளம்பு. பிரித்துப் பார்த்துச் சரியாகிவிட்டால் ரீல் உனக்குக் கிடைக்காது' என்றான். கொஞ்ச நேரம் அவன் பேச்சைக் கேட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பால்கனியில் பேப்பரை விரித்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

பக்கவாட்டு மூடியைத் திறந்தால்... உள்ளே பல்சக்கரமே தெரியவில்லை. எல்லாம் கிரீஸ்! பெரிய வண்டிச் சக்கரத்துக்கு அப்புகிற கெட்டி கிரீஸ். அடியில் பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்து கிடக்க, அதன் மேலேயே புதுசைத் திணித்திருந்தார். சட்டைப் பொத்தான் அளவு பேரிங்குக்குள்ளும் அதேதான். அதை ஒரு பென்சில் முனையில் மாட்டிச் சுண்டினேன். அசையவில்லை.

"எங்க பேரிங்குக்கெல்லாம் உள்ளங்கையில வச்சு அழுத்தி நிரப்புவோம் சார். குறைச்சலா வச்சாத்தான் தப்பு..." என்றவர் பாதியில் நிறுத்தினார். முகம் தொங்கிவிட்டது.

அவரை எப்படித் திட்டுவது? நமக்குப் பிடித்தவர்களுக்கு என்றால் நமக்குக் கை அளவு தெரிவதில்லை. வெளிநாடு போகிற பிள்ளையின் பெட்டியில் பருப்புப் பொடியைத் திணித்து ஜிப்பைப் பிய்க்கிற ஆட்கள்தானே நாம்?

ஊசியால் பேரிங்கின் மூடித் தகட்டை நெம்பி எடுத்தேன். சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, அழுக்கு வடிந்ததும் மறுபடி கழுவிக் காயவைத்தேன். உள்ளே குட்டிக் குட்டி எஃகு உருண்டைகள் பளிச்சென்று தெரிந்தன. பென்சிலில் மாட்டிச் சுண்டினேன். சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது.

சுடலைமுத்து என் பக்கம் குனிந்தார். "அவகிட்ட சொல்லாதீங்க சார். கை தானாத் தேறிட்டுன்னு நெனைச்சுக்கிடட்டும்."

எனக்கு அது சரியாகப் படவில்லை. திடீரென்று தேறிய கையை அவர் எப்படி நம்புவார்? நாளைக்கே மறுபடி போய்விடும் என்றல்லவா பயப்படுவார்?

நான் பதில் சொல்வதற்குள் செல்வி இடது கையில் டீ டம்ளர்களோடு வந்துவிட்டார். பேப்பரில் குவிந்திருந்த கிரீஸைப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது? இவ்ளோவும் அதுக்குள்ளாற இருந்துச்சா?"

நான் சுடலைமுத்துவைப் பார்த்தேன்.

"நான்தான் வச்சேன் செல்வி" என்றார் சுடலைமுத்து. "ரீலு நல்லா இருக்கட்டுமேன்னு..."

செல்வி டம்ளர்களைக் கீழே வைத்தார். உள்ளே போய்த் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயைக் கொண்டுவந்தார். பேரிங்குக்கு ஒரு சொட்டு விட்டேன். பல்சக்கரத்துக்கு லேசான கிரீஸை விரல்நுனியால் தடவி, எல்லாவற்றையும் மாட்டி, ரீலை அவர் முன்னால் நீட்டினேன்.

அவருக்கு வாங்கப் பயம். அது எனக்கே தெரிந்தது. வலது கையை மெல்லக் கைப்பிடியில் வைத்தார். சுற்றினார். சுற்றியது. நிறுத்தி, மணிக்கட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மறுபடி சுற்றினார். இந்தத் தடவை வேகமாக.

கண்ணில் தண்ணீர் நிற்க, கணவர் பக்கம் திரும்பினார்.

"யோவ்... இத்தினி நாளா என் கையைத் திட்டிகினு கெடந்தேனே! உன்னியில்ல திட்டியிருக்கணும்?"

திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு நிம்மதியாகச் சிரித்த ஒரு புருஷனை நான் இதுவரை பார்த்ததில்லை.