காசோண்டே கொடுத்த வாக்கு

செம்புச் சுரங்க ஊரான கிட்வேயின் சந்தையில் கரி மூட்டை விற்கிறானே காசோண்டே, அவன் ஒருகாலத்தில் செல்போன் கம்பெனியில் கணினிக்காரன். எங்கள் பத்திரிகை ஆசிரியர் சிலேஷேயின் தம்பி. சொன்ன சொல் தவறாதவன் என்று பேர். அந்தப் பேரே அவனுக்கு வினையாக வந்தது.

எங்கள் சர்வரில் நிருபர்கள் எல்லோருக்கும் கணக்கு உண்டு. துப்புக் கொடுப்பவர்களின் பெயர்களை மட்டும் சிலேஷே ஒருத்தியால்தான் திறக்க முடியும். சுரங்கக் கம்பெனிக்காரர்கள் ஓடையில் அமிலம் விடுவதைப் படமெடுத்து அனுப்பிய தொழிலாளி கபாம்பாவின் பெயரும் அதில்தான் இருந்தது.

அந்த சர்வரை ஓட்டும் இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னல் என்கிறார்களே அதில், காசோண்டே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தான். சாதாரணக் கணக்கு வைத்திருப்பவன்கூட அதன் வழியே கணினிக்கே எஜமானாகிவிடலாம். அந்த இயங்குதளத்தைப் பராமரிப்பவர்களுக்கு எழுதினான். திருத்தம் தயாராகும்வரை யாரிடமும் மூச்சு விடாதே, வெளியே தெரிந்தால் திருடர்கள் முந்திக்கொள்வார்கள் என்றார்கள். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். சரி என்று வாக்குக் கொடுத்தான்.

ஆனாலும் மனசு கேட்காமல் ஆபீசுக்கு வந்து நின்றான்.

"அக்கா, சர்வரைக் கொஞ்ச நாள் அணைச்சு வை."

"ஏண்டா?"

"சொல்ல முடியாது."

"போன மாசம் வைரஸ்னு வந்து நின்ன, அதுக்கு முந்தி புழுன்ன. இப்ப என்ன, முதலையா? பேப்பர் வரணும்டா. போய் ந்ஷிமாக் களி தின்னுட்டுத் தூங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் போய்விட்டான். அவன்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம், கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லையா?

ஓட்டையை வேறு எவனோ ஒருவனும் கண்டுபிடித்திருந்தான். அவன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. காசுக்கு விலைபோன எங்கள் நிருபர் ஒருவனின் கணக்கில் நுழைந்து அந்த ஓட்டை வழியே பெயர்களை அள்ளிக்கொண்டு போனான். கபாம்பாவின் உடல் அதே ஓடையில் கிடந்தது.

திருத்தம் வெளிவந்த அன்றுதான் அடக்கம். கண்டுபிடித்தவர் காசோண்டே என்று அதில் நன்றி போட்டிருந்தார்கள். அவன் இழவு வீட்டுக்கு வந்து, கபாம்பாவின் மனைவி புபே முன்னால் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கசாமா ஊருக்கு ஓடிப் பொழைச்சிருப்பாரேய்யா."

"வாக்குக் குடுத்திருந்தேன்மா."

"யாருக்கு?"

வாக்கு வாங்கிய அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.