கையொப்பம் இல்லாத தாள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைசிகிச்சை முடிந்தவர்கள் தினமும் நடக்க வேண்டும், கையைச் சுவரில் மெல்ல உயர்த்திப் பழக வேண்டும் என்று மருத்துவமனை என் மனைவிக்குக் கொடுத்த தாளில் இருந்தது. கையொப்பம்தான் இல்லை. அரசாங்கத் தலைமை எழுத்தரான நான் உறுதிப்படுத்தக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அதுவரை அவளைப் படுக்கவைத்து ஆட்டுக்கால் சூப் கொடுத்தேன்.

“தேக்கா மார்க்கெட் வரைக்கும் நடந்துட்டு வரேங்க. உடம்பு ஊதிப்போச்சு.”

“பதில் வரட்டும்லா.”

“நடக்குறதுக்கும் பெர்மிட்டா?”

சிரித்தேன். தீபாவளி காலையில் தலை வாரக்கூட அவளால் கையை உயர்த்த முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாரிக்கொண்டாள். மறுநாள் தனியாகவே நடக்கப் போனாள். நான் வாசல் வரைக்கும் மட்டும் போனேன்.

மருத்துவமனையின் பதில், 1984 தைப்பூசத்திற்கு மறுநாள் வந்தது.