கரண்டிக் காம்பை விழுங்கியவர்

கொல்லிமலை அடிவாரத்து மருத்துவமனையில் வயிற்றுப் புண்ணுக்காக நான் படுத்திருந்தபோது, அடுத்த கட்டிலில் ஒரு சிறைக்கைதி கிடந்தார். மலைமேலுள்ள வளப்பூர் நாட்டுக்காரர், மெலிந்து கருத்த உடல். ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. பேசும்போதெல்லாம் மறு கையால் வாயைப் பொத்திக்கொள்வார். சிறையில் கரண்டிக் காம்பொன்றை விழுங்கியிருந்தார்.

"அடுத்து என்னடா, ஜன்னல் கம்பியா?" என்று நகைத்துவிட்டு, அவருக்குக் காவலிருந்த காவலர் தேநீர் அருந்தச் சென்றார். ஏன் விழுங்கினீர் என்று வினவினேன்.

"பாப்பாவ நான் இன்னும் தொட்டதே இல்லீங்க. ஜெயில்ல வலைக்கு அந்தப்பக்கம் வெச்சுத்தானுங்க காட்டுவாங்க. இங்கன்னா மடியில வெச்சுக்கலாமுங்க. நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுல ஊட்டுக்காரி தூக்கிட்டு வாராளுங்க. யாருகிட்டயும் சொல்லிராதீங்க, இப்பவே திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாங்க."

மறுநாள் காலையில் மருத்துவர் வந்தார்.

"சாயங்காலமா எடுங்க சாமி" என்று கைதி கெஞ்சினார்.

அச்சமென்று எண்ணிய மருத்துவர், "வலிக்காது கண்ணு" எனத் தட்டிக்கொடுத்து, வாய்வழியே குழாயைச் செலுத்திக் கத்தியின்றியே காம்பை எடுத்துவிட்டார். அத்திறத்தைப் பழிக்க இன்றும் எனக்கு வழியில்லை. வாழ்த்தவும் வாய் வரவில்லை. நண்பகலுக்குள் கைதியைச் சிறை வண்டியில் ஏற்றிவிட்டனர்.

மலைப்பேருந்து வந்தபின், கைக்குழந்தையோடு ஒரு பெண் வெறுங்கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏனுங்க, இங்க இருந்தவருக்கு எப்படிங்க இருக்குது?"

"முற்றிலும் குணமாகிவிட்டது அம்மா. சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்" என்றேன்.

"அதுக்குள்ளயுங்களா?" என்றவள், குழந்தைக்கு அணிவித்திருந்த புதுச் சட்டையைக் கழற்றி, மடித்துப் பைக்குள் வைத்தாள்.