மாமா கை காட்டிய தெரு

பெரிய டிரம்மை வயிற்றோடு கட்டிக்கொண்டால் கால் தெரியாது, சாலை தெரியாது. காரைக்காலில் நான் படித்த கான்வென்ட் பேண்டில் அதைச் சுமக்கும் உயரம் எனக்குத்தான் இருந்தது. ஆறாம் வகுப்பில் சின்ன டிரம்மோடு சேர்ந்தவள், எட்டாவதில் பெரியதற்கு உயர்ந்தேன். "உன் அடியைக் கேட்டுத்தான் மத்தவங்க கால் எடுத்து வைக்கிறாங்க. என்ன ஆனாலும் கை தளரக் கூடாது" என்று பேண்டு டீச்சர் சொல்லியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "வயசுக்கு வந்த புள்ள முட்டி தெரிய ரோட்டுல மேளம் அடிச்சிக்கிட்டுப் போவுதாம். இந்த ஆகஸ்ட் பதினஞ்சோட சரி" என்று சொல்லிவிட்டார். அழுது பார்த்தேன், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அம்மாவின் தம்பி, போலீஸ்காரர், எங்கள் ஊர்ப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியைத் துடைத்தபடியே "மாமா பாத்துக்கிறேன், விடு" என்றார்.

சுதந்திர தினத்தன்று எங்கள் தெருமுனையில் அவருக்குத்தான் டூட்டி. நேரே போனால் கடற்கரைச் சாலை, அங்கே கொடிக்கம்பம். பேண்டு முனைக்கு வந்ததும் மாமா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இடப்பக்கம் கை நீட்டினார். போலீஸ் கை காட்டினால் மறுபேச்சு இல்லை என்று பழகிய எங்கள் முன்வரிசை அப்படியே எங்கள் தெருவுக்குள் திரும்பியது.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அப்பாவும் ஒரு கன்னத்தில் சவர நுரையோடு வந்து நின்றார். அப்போது நடந்த பேச்சை அம்மா பிறகு சொன்னாள். எதிர்வீட்டு அம்மா, "நம்ம பாப்பாவா அது? ராணி மாரில்ல வருது!" என்றாராம். அப்பா நெஞ்சை நிமிர்த்தி, "நம்ம புள்ளதாங்க. படிப்பு முடியிற வரைக்கும் பெரிய டிரம்மு அதுதான்" என்றாராம். ஊர் கேட்கச் சொன்னதை இனி எப்படி மாற்றுவார்?

ஆனால் எங்கள் தெரு ஆற்றங்கரையில் போய் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அது மாமாவுக்கும் தெரியும். அந்தக் குறுகலில் நாங்கள் இடித்துப் பிடித்துத் திரும்பி வருவதற்குள், கொடியேற்ற வந்த பெரிய மனிதர் வெயிலில் வெகுநேரம் காத்து நின்றுவிட்டார்.

அடுத்த மாதமே மாமாவை மாஹேக்கு மாற்றினார்கள். மாஹேயும் எங்கள் புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் இருப்பது கேரளக் கரையில். எனக்கு அது பெரிய அதிசயம். அங்கே சூரியன் கடலுக்குள்ளா இறங்கும், அங்கேயும் இதே சிவப்புத் தொப்பிதானா என்று மாமாவைத் துளைத்தெடுத்தேன்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்றேன் பாப்பா. அங்க எந்தத் தெரு எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதுல்ல, அதான் அனுப்புறாங்க" என்று சிரித்தார். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வரச் சொன்னேன். அவர் மனைவி, எங்கள் அத்தை, அப்போது நிறைமாதம். பெட்டியில் அவர் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழத் தொடங்கிய பிறகுதான் மாமாவுக்கு லீவு கிடைத்தது. சிப்ஸை அவர் மறக்கவில்லை.

அப்பாவும் வாக்கு மாறவில்லை. பத்தாவது முடியும் வரை அடித்தேன். பேண்டு அத்தை வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று கையசைப்பார்கள். அத்தை மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஏன் என்று ரொம்ப நாள் யோசித்து நானே காரணம் கண்டுபிடித்தேன்: உள்ளே குழந்தை தூங்குகிறது. அதனால் அந்த வீடு தாண்டும் வரை, டீச்சர் சொன்னதையும் மீறி, டிரம்மை மெல்லத் தட்டிக்கொண்டே போவேன்.