ஜூலைத் தாளில் இருந்த பெயர்

சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் பதினாறு வருஷமாகத் தாள் சேர்க்கிறவள் வேலுத்தாய். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை பன்னிரண்டு தாளையும் வரிசையாக அடுக்கி, நூறு நூறாகக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் தன் நம்பர் போட்ட சீட்டைச் சொருக வேண்டும். அவள் நம்பர் ஒன்பது. ரெண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டு வந்தது. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து யாரிடமும் மூச்சுவிடவில்லை. எழுத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்தே காலத்தை ஓட்டினாள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. மாதத்துக்கு ஒன்றாக, எபிரேய மொழியில் கடவுளுக்கு உள்ள பன்னிரண்டு பெயர்கள். ஜூலைக்கும் ஆகஸ்ட்டுக்கும் ஒரே நீலக் கடல் படம். அங்கேதான் வந்தது வினை. மூன்று கட்டு முடித்த பிறகு பார்த்தால், ஜூலைத் தாள் மொத்தமும் மேசையில் அப்படியே கிடக்கிறது. ஆகஸ்ட் ரெண்டு ரெண்டாகப் போயிருக்கிறது!

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு மணி நேர வேலை, பிரித்துக் கட்டியிருக்கலாம். வாயைத் திறந்தாளா? எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, தன் சீட்டுகளை உருவிவிட்டுப் பக்கத்து மேசைப் பாண்டிச்செல்வியின் பதினாலாம் நம்பர் சீட்டுகளைச் சொருகினாள். மிஞ்சிய தாளைக் கழிவுச் சாக்கின் அடியில் திணித்தாள். பாண்டிச்செல்வி அஞ்சு மாசக் கர்ப்பிணி. அக்கா அக்கா என்று இவளுக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவருகிறவள். அவளுக்குப் போய் இதைச் செய்தாளே, பாவி!

சபைக்காரர்கள் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். சூப்பர்வைசர் கதிரவன் சீட்டை நீட்டிக் கேட்டபோது பாண்டிச்செல்வி வேலுத்தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே வேலை போயிற்று. மறுநாள் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வெடிமருந்து அடைக்கப் போனாள். வயிற்றில் பிள்ளையோடு, மருந்து ரூமில்! அது வேலுத்தாய்க்கும் தெரியும். என்றாலும் வேலைக்குப் போனாள், வந்தாள்.

திருத்திய கட்டுகளை வாங்கப் பாஸ்டர் ஆசீர்வாதம் வந்தார். வேலுத்தாய் ஜூலைத் தாளை மூக்கருகே பிடித்து எழுத்துக் கூட்டினாள்.

“எல்ரோயீ... இதுக்கு என்னங்கய்யா அர்த்தம்?”

“என்னைக் காண்கிற தேவன்னு அர்த்தம்மா.”

“யாரு வச்ச பேரு? பெரிய மகானா?”

“மகானா! ஆகார்னு ஒரு அடிமைப் பொண்ணும்மா. மாசமா இருந்தா. எசமானியம்மா படுத்துன பாடு தாங்காம ஓடிப்போயி, வனாந்தரத்துல ஊத்துப் பக்கம் நாதியத்து நின்னவகிட்ட கடவுள் வந்து பேசுனாரு. என்னையும் பாக்க ஒருத்தர் இருக்காரேன்னு அவ வாயால வச்ச பேரு.”

வேலுத்தாய் கும்பிடுவது இருக்கன்குடி மாரியம்மனை. எத்தனையோ சாமி காலண்டர்கள் அவள் கை வழியே போயிருக்கின்றன, ஒன்றும் சுட்டதில்லை. இது சுட்டது. அந்த எசமானியம்மாவுக்காவது அதிகாரம் இருந்தது. கூட உட்கார்ந்து தின்றவளை அல்லவா இவள் விரட்டியிருக்கிறாள்! தன்னைத் தானே தொடக்கூட அவளுக்குக் கூசியது.

நேரே கதிரவனிடம் போனாள். “தம்பி, அந்த மூணு கட்டும் நான் சேத்தது. சீட்ட மாத்துனதும் நாந்தான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

எல்லா மேசையிலும் கை நின்றுவிட்டது.

“மாசமா இருக்க பிள்ளையவா மாட்டிவிட்டீக? ச்சீ! நாளைக்கு அவள வரச் சொல்லுங்க. நீங்க வராதீக.”

மறுநாள் விடிந்ததும் வேன் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். பாண்டிச்செல்வி தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தாள். வேலுத்தாய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். “நீ பிரஸ்ஸுக்குப் போ தாயி. எல்லாம் இந்தப் பாவி செஞ்சது.”

“தெரியும்க்கா. டீ குடிக்கப் போனவ டம்ளர எடுக்கத் திரும்பி வந்தேன். நீங்க சீட்டு மாத்துனதப் பாத்தேன்.”

“பாத்தியா? பெறகு ஏன் தாயி சொல்லல?”

“நீங்களே சொல்லுவீகன்னு உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். இங்கன வந்து வேனுக்கு நிக்கயிலயும், இன்னைக்கு வந்துருவீகன்னு ரோட்டத்தான் பாத்தேன்.”

வேன் வந்து ஹாரன் அடித்தது. பாண்டிச்செல்வி ஏறவில்லை. வேலுத்தாய்க்குத் தலை நிமிரவில்லை.

“எம்புட்டு நாளா தாயி?”

“இன்னையோட பதினெட்டு நாளுக்கா.”