கதை கேட்கும் வேலை

பொன்செல்வி பி.காம். முடித்துவிட்டு ஒரு வருஷம் அம்மாவோடு வீட்டில் பீடி சுற்றினாள். தொண்ணூற்றைந்தில் அவளுக்குக் கிடைத்த வேலையை ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கதை கேட்பதுதான் வேலை.

அங்கே வேதாகமத்தை எளிய தமிழில் புதிதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியதை மொழிபெயர்ப்பாளர் வேதமாணிக்கம் சார் ஒருமுறை வாசிப்பார். பொன்செல்வி கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அது அவள் தப்பு அல்ல. சார்தான் வரியை அடித்துவிட்டு வேறு எழுத வேண்டும். காலேஜில்கூட அவளுக்குக் கிடைக்காத சலுகை.

நிபந்தனை ஒன்றுதான். கேட்கிறவர் கிறிஸ்தவராக இருக்கக்கூடாது, வேதத்தைப் படித்திருக்கவும் கூடாது. சர்ச்சுக்குப் போகிறவர்கள் பாதி கேட்டதுமே மீதியை ஒப்பித்துவிடுவார்கள். ராதாபுரம் பக்கம், சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வரி கொடுக்கும் குடும்பம் என்றதும் அவளை அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் நாள் வாசித்தது, நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கிவந்து, கூட்டத்தில் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய கதை. ஒழுங்காகத் திருப்பிச் சொன்ன பிறகு பொன்செல்வி கேட்டாள்: “அந்தக் கூரையை யாரு சார் திரும்ப மேஞ்சு குடுத்தா?”

சார் பேனா மூடியைக் கடித்தார். “அது எழுதலியேம்மா. நாப்பது வருசமா வாசிக்கேன், எனக்குத் தோணவே இல்ல.”

ஒன்றரை வருஷம் இப்படியே நல்லபடியாகப் போனது. ஒருநாள் தொலைந்த ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை சார் வாசித்தார். பாதியில் யாரோ கதவைத் தட்ட, நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பொன்செல்வி கடகடவென்று சொன்னாள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டது வரைக்கும்.

“அவன் ஆட்டைக் கண்டுபிடிச்சான்னே நான் இன்னும் வாசிக்கலியே,” என்றார் சார்.

பஸ்ஸில் யாரோ பேசியதைக் கேட்டேன் என்றிருக்கலாம். வேலை போயிருக்காது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“ஹாஸ்டல்ல கூட இருக்க பிள்ளையோட பழைய மொழிபெயர்ப்பு வேதத்துல படிச்சேன் சார். ஆறு மாசமா.”

“ரெண்டையும் ஒத்துப் பாக்கவா?”

“அப்படித்தான் ஆரம்பிச்சேன். இப்ப நம்புதேன்னு நினைக்கேன்.”

“எப்ப முடிவு பண்ணினே?”

“முடிவெல்லாம் பண்ணல சார். சளி பிடிச்ச மாதிரி. என்னைக்குப் பிடிச்சுதுன்னு கேட்டா என்ன சொல்ல? நீங்க என்னைக்கு முடிவு பண்ணினிய?”

சார் சிரித்துவிட்டார். “எங்க பூட்டன் பண்ணிட்டாரு. என்னை யாரும் கேக்கல. ஆனா தினம் காலைல இந்த நாக்காலியில வந்து உக்காருதேன் பாரு, அது நானாப் பண்ணுததுதான்.” பிறகு கையெழுத்துத் தாள்களைத் தட்டினார். “ஒரே வரியைப் பதினோரு தடவை அடிச்சதை நீயே பாத்திருக்கே. அதுக்கப்புறமுமா இதை நம்புதே?”

“அதைப் பாத்ததாலதான் சார். ஏமாத்துதவன் ‘விளங்குச்சா’ன்னு கேப்பானா? அதுவும் பீடி சுத்துனவகிட்ட. பழசுல வார்த்தை வேற, புதுசுல வேற. ரெண்டுலயும் மேய்ப்பன் ஆட்டைத் தேடித்தான் போவுதான்.”

“இனிமே நீ இந்த வேலை பாக்க முடியாதேம்மா.”

“தெரியும் சார்.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “எங்க அம்மையைக் கூட்டிட்டு வரட்டா? எழுத்து தெரியாது. எதையும் லேசுல நம்பமாட்டா. என்னையே நம்பமாட்டா.”

திங்கட்கிழமை வரும் வழியில், பஸ்ஸிலேயே அம்மா இசக்கியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இசக்கியம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொடைக்கு வருவியாட்டி, மாட்டியா?”

“தெரியலம்மா.”

“தெரிஞ்சதும் சொல்லு.”

நம்பியது தன் தீர்மானம்தானா என்று பொன்செல்விக்கு அப்போதும் பிடிபடவில்லை. மறைக்காமல் சொன்னது தன் தீர்மானம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. இரண்டும் ஒன்றுதானோ என்று யோசிப்பதற்குள் அலுவலகம் வந்துவிட்டது.

அவள் வராந்தாவில் நின்றாள். உள்ளே சார் வேண்டுமென்றே கூரைக் கதையை எடுத்து வாசித்தார்.

“நாலும் நல்ல பயலுவதான்,” என்றது அம்மாவின் குரல். “அந்தக் கூரையை யாரு மேஞ்சு குடுத்தா?”

சார் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். “ஏம்மா, நீ சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்தியா?”

“இல்ல சார்,” என்றாள் பொன்செல்வி. “எங்க வீடும் ஓலைக் கூரைதான்.”